புயலுக்குப் பின் உணவு, புயலுக்கு முன் தயாரிப்பு: வங்கதேசக் கடற்கரையின் ஐம்பது ஆண்டுகள்

ஹிஜ்ரி 1390, ரமலான் மாதம் பாதியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். 1970 நவம்பர் 12-ஆம் தேதி இரவு. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தென்கோடியில் மேக்னா ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தையும், அங்குள்ள போலா தீவையும், சுற்றியிருந்த மணல்திட்டுகளையும் புயல் தாக்கியது. முழுநிலவை ஒட்டிய நாட்கள் என்பதால் கடல் ஏற்கனவே பொங்கியிருந்தது. புயலின் அலை அதன் மேல் ஏறி 20 அடிக்கும் மேலாக ஊருக்குள் புகுந்தது. ஸஹருக்கு எழுவதற்கு முன்பே ஊர்கள் இல்லாமல் போயின. இறந்தவர்களை எண்ண முடியவில்லை. 3 லட்சம் என்றும் 5 லட்சம் என்றும் சொல்லப்படுகிறது. பதிவான வெப்பமண்டலப் புயல்களிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இதுதான்.

ஹிஜ்ரி 1441, மறுபடியும் ரமலான். 2020 மே 20-ஆம் தேதி மாலை, வங்கதேச மக்கள் லைலத்துல் கத்ரை எதிர்பார்த்து 27-ஆம் இரவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஆம்பன் புயல் கரையேறியது. கொரோனா பரவிய காலம் அது. கூட்டம் சேரவே அஞ்சிய நேரத்தில் சுமார் 24 லட்சம் பேர் புயல் காப்பகங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வங்கதேசத்தில் உயிரிழந்தவர்கள் 26 பேர் அளவில்தான்.

இந்த ஒப்பீட்டில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆம்பனின் முழு அடியும் விழுந்தது மேற்கு வங்கத்தில்தான். அங்கே 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே 1991-ஐயும் 2007-ஐயும் ஒப்பிடுவதே சரி. 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே வேகத்தில் 2007 நவம்பர் 15-இல் வந்த சிடர் புயலில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதே கடல், அதே தாழ்ந்த கரை. மாறியது மனிதர்களின் தயாரிப்பு. அதுவும் செல்வந்த நாடு ஒன்றின் தயாரிப்பு அல்ல. மிக எளிய மக்களின் தயாரிப்பு. இதனால்தான் இந்தக் கடற்கரையை நாம் கவனமாகப் படிக்க வேண்டும் என்கிறோம்.

எச்சரிக்கை வந்தது, மக்கள் நகரவில்லை

1970-இல் எச்சரிக்கையே தரப்படவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வானொலியில் அறிவிப்பு வந்தது. புயல் வருகிறது என்று பெரும்பாலோருக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனால் எத்தனை பெரியது என்று புரியவில்லை. உறுதியான கட்டடத்தைத் தேடிப் போனவர்கள் மிகச் சிலர். போவதற்கு அப்படிப்பட்ட கட்டடங்களும் அருகில் இல்லை.

விடுதலைக்குப் பின் 1972-இல் வங்கதேச அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டத்தைத் தொடங்கின. இதன் உயிர்நாடி ஊர்த் தொண்டர்கள். இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. தலைக்கவசம், மழைச்சட்டை, கையால் சுற்றும் சைரன், ஒலிபெருக்கி, சிவப்புக் கொடிகள் ஆகியவைதான் கருவிகள். அபாயத்துக்கு ஏற்ப ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி ஏற்றப்படும். மூன்று கொடி பறந்தால் வீட்டில் நிற்கக் கூடாது. எழுத்துத் தெரியாதவரும் கொடியை எண்ணிவிடுவார்.

கூடவே பள்ளிவாசலின் ஒலிபெருக்கி. மின்சாரமும் தொலைபேசியும் எட்டாத காலத்திலிருந்தே பாங்கு சொல்லும் குரல் புயல் செய்தியையும் சொல்லி வருகிறது. இதில் புதுமை எதுவும் இல்லை. மழை கொட்டிய ஒரு ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கும்படி இப்னு அப்பாஸ் (ரலி) முஅத்தினிடம் சொன்னதும், கேட்டவர்கள் வியந்தபோது இது நபி (ஸல்) அவர்கள் செய்ததே என்று அவர் விளக்கியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. வானிலை அறிவிப்புக்குப் பாங்கு மேடை உரியதுதான்.

1991-க்குப் பிறகு ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கணவர் வரட்டும், அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். காப்பகத்தில் அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்து நிற்க வேண்டும், தனிக் கழிப்பறை இல்லை என்று தயங்கினார்கள். ஆடுமாடுகளையும் வீட்டையும் விட்டுப் போக மனம் வரவில்லை. இங்கே ஆலிம்களான நம் பொறுப்பு பெரியது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. நிர்ப்பந்தம் வந்தால் ஹராமானதும் தேவையளவுக்கு ஆகுமாகிறது என்று மத்ரஸா மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். அதைக் கடலோரத்துப் பெண்களின் காதில் விழும்படி புயலுக்கு முன்பே மிம்பரில் சொல்லாவிட்டால் அந்தப் பாடம் யாருக்காக? வங்கதேசத்தில் பின்னர் பெண்களுக்குத் தனி அறைகளும் தனிக் கழிப்பறைகளும் கொண்ட காப்பகங்கள் கட்டப்பட்டன. பெண் தொண்டர்கள் சேர்க்கப்பட்டார்கள். இன்று தொண்டர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து அழைத்தால் இன்னொரு பெண் எழுந்து வருவாள்.

கால்நடைகளுக்காக மண்மேடுகள் எழுப்பப்பட்டன. முஜீப் கில்லா என்று அவற்றுக்குப் பெயர். மாடு பிழைக்கும் என்று தெரிந்தால்தான் மனிதர் வீட்டைவிட்டு நகர்கிறார்.

உயிர் பிழைத்தவருக்கு என்ன உணவு?

காப்பகத்திலிருந்து இறங்கி வருபவருக்கு அடுப்பு இல்லை. விறகு நனைந்திருக்கும். சட்டி பானை போயிருக்கும். குளத்தில் கடல்நீர் கலந்திருக்கும். அந்த நிலையில் அவர் கையில் ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்தால் அது உணவல்ல, சுமை. ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சமைக்காமல் உண்ணக்கூடியதே வேண்டும். வங்கத்தில் இதற்கு மரபாகவே அவல், பொரி, வெல்லம் உண்டு. புயல் கொடி ஏறியதும் இவற்றை நெகிழிப் பையில் இறுகக் கட்டி மண்ணில் புதைத்துவிட்டுப் போகும் பழக்கமும் உண்டு. திரும்பி வந்து தோண்டினால் முதல் நாள் உணவு தயார். உலக உணவுத் திட்டம் இதே தேவைக்கு வலுவூட்டிய பிஸ்கட்டுகளைத் தருகிறது. 100 கிராமில் சுமார் 450 கலோரி. தாதுச்சத்தும் உயிர்ச்சத்தும் சேர்த்துச் செய்யப்படுபவை.

ஆனால் உணவுக்கும் முந்தியது தண்ணீர். உப்பும் கழிவும் கலந்த நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும். பிறகு எதைத் தின்றாலும் உடலில் ஒட்டாது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் காலராவை வெல்லலாம் என்பதை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானவை 1960-களின் இறுதியில் டாக்காவிலும் மத்லாபிலும்தான் நடந்தன. எனவே நிவாரணப் பையில் அந்த உப்புக் கரைசல் பொட்டலமும் நீர் சுத்திகரிப்பு மாத்திரையும் இல்லையென்றால் அந்தப் பை அரைகுறைதான்.

அடுப்பு பற்ற வைக்க முடிந்த பிறகு அரிசி வரலாம். எவ்வளவு? ஒரு மனிதருக்கு நாளுக்கு 2,100 கலோரி என்பது உலக அளவில் நிவாரணப் பணியில் வைத்திருக்கும் கணக்கு. ஏறத்தாழ 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், கொஞ்சம் உப்பு, குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் சத்துமாவு என்று சேர்த்தால் அந்த அளவை ஒட்டி வரும். இதை நம் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 2 கிலோ அரிசி வேண்டும். நாம் படம் எடுத்துக் கொடுக்கும் 5 கிலோ பை இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கு அந்த வீட்டுக்குத் தேவை 60 கிலோ.

இதில் நமக்கே ஒரு அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் டெல்டா மாவட்டங்களைப் புயல் தாக்கியபோது நமது மஹல்லாவிலிருந்தும் ஒரு வண்டி பொருள் ஏற்றிப் போனோம். முதன்மைச் சாலையோரத்தில் இருந்த ஊரில் எங்களுக்கு முன்பே மூன்று குழுக்கள் அரிசி இறக்கியிருந்தன. உள்ளே நான்கு கிலோமீட்டரில் இருந்த ஊருக்குத் தென்னைகள் விழுந்து பாதை அடைத்திருந்ததால் யாரும் போகவில்லை. நாம் கொண்டுபோன பழைய துணி மூட்டைகள் ஒரு சமுதாயக் கூடத்தின் மூலையில் மழையில் நனைந்து கிடந்தன. அங்கிருந்த ஒரு பெரியவர், "மெழுகுவத்தி, கொசுவத்தி, தீப்பெட்டி கொண்டாந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். கொண்டு போகவில்லை.

யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் இல்லாமல் உணவு போனால் நடப்பது இதுதான். ஹிஜ்ரி 18-இல் மதீனாவைச் சூழ்ந்த பஞ்சத்தில், ரமாதா ஆண்டு என்று வரலாற்றில் சொல்லப்படும் அந்தக் காலத்தில், உமர் (ரலி) மற்ற மாகாணங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவு வரவழைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்கும்வரை தாம் நெய்யைத் தொடவில்லை என்பதை அடிக்கடி சொல்கிறோம். நாம் சொல்லாமல் விடுவது இன்னொன்று. தம் பந்திகளில் உண்டவர்களையும், பந்திக்கு வர முடியாமல் வீட்டில் இருந்த நோயாளிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் தனித்தனியே எண்ணச் சொன்னார்கள் என்ற செய்தி. வர முடியாதவரை எண்ணியதுதான் அதில் முக்கியம்.

அறுவடைக்கு முந்தைய வாரம்

சிடர் புயலில் உயிர்ச்சேதம் குறைந்தது. ஆனால் பசி குறையவில்லை. நவம்பர் நடுப்பகுதி என்பது வங்கத்தில் அமன் நெல் முற்றி நிற்கும் காலம். பாகர்ஹாட், பர்குனா, பட்டுவாகாலி, பிரோஜ்பூர் மாவட்டங்களில் இன்னும் சில வாரங்களில் அறுக்க வேண்டிய பயிர் சாய்ந்து உப்புநீரில் மூழ்கியது. படகும் வலையும் மாடும் போயின. மொத்தச் சேதம் சுமார் 170 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. போதாக்குறைக்கு உலகச் சந்தையில் அரிசி விலை ஏறத் தொடங்கிய நேரம். இந்தியா அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. பிறகு வங்கதேசத்துக்கு மட்டும் விலக்களித்து 5 லட்சம் டன் அரிசி விற்க முன்வந்தது. அதாவது, காசு இருந்தாலும் அரிசி கிடைக்காத நிலை ஒரு நாட்டுக்கு வரும். கிடங்கில் முன்கூட்டியே இருக்கும் அரிசிதான் அப்போது உணவு. நபி யூசுஃப் (அலை) ஏழு ஆண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன வரலாற்றை ஓதும் சமுதாயத்துக்கு இது புதிய செய்தி அல்ல.

அரசுக் கிடங்குகள் ஒருபுறம் இருக்க, வங்கதேசம் பின்னாளில் வீட்டுக் கிடங்கையும் யோசித்தது. உலக வங்கிக் கடனுதவியில், பேரிடர் அடிக்கடி வரும் பகுதிகளின் 5 லட்சம் குடும்பங்களுக்குக் காற்றும் நீரும் புகாத நெகிழிக் குதிர்கள் வழங்கப்பட்டன. வெள்ளம் வந்தாலும் உள்ளே இருக்கும் விதைநெல் முளைக்கும் தகுதியோடு இருக்கும். விதைநெல் போய்விட்டால் ஒரு பருவம் முழுவதும் போய்விட்டது என்று விவசாயிக்குத் தெரியும்.

சிடருக்குப் பின் நடந்த ஒரு ஸதகாவையும் பதிவு செய்ய வேண்டும். தம் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒருவர் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி மூலம் 13 கோடி டாலர் தந்தார். "ஃபாஇலு கைர்", நன்மை செய்பவர், என்பதே அந்தத் திட்டத்தின் பெயராயிற்று. அதில் 11 கோடி டாலர், சாதாரண நாளில் பள்ளிக்கூடமாகவும் புயல் நாளில் காப்பகமாகவும் இயங்கும் கட்டடங்களுக்குப் போனது. அப்படி 170-க்கும் மேற்பட்டவை எழுந்தன. மீதி 2 கோடி டாலர், நிலமும் தொழிலும் இழந்தவர்கள் மறுபடி எழுவதற்கு, வட்டியில்லாக் கடனாகச் சுழல விடப்பட்டது. கொடுத்தவர் சவூதி மன்னர் அப்துல்லாஹ் என்பது 2015-இல் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. அரசர்களைப் புகழ்வது நமது வழக்கமல்ல. ஆனால் பணம் பிரிக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். பெரும்பகுதி அடுத்த புயலுக்கு.

காற்று ஓய்ந்தும் தீராத புயல்

2009 மே 25-இல் வந்த ஐலா, வேகத்தில் சிடருக்கு மிகவும் கீழே. வங்கதேசத்தில் இறந்தவர்கள் சுமார் 190 பேர். உலகம் சீக்கிரமே மறந்தது. ஆனால் குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் மண்கரைகள் உடைந்தன. அங்கே நிலம் கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்தது. 1960-களில் கட்டிய கரைகளுக்குள்தான் ஊரே இருக்கிறது. உடைந்த கரை வழியே நாளுக்கு இருமுறை கடல் உள்ளே வந்து போனது. அடைக்க இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆன இடங்கள் உண்டு. அதுவரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரையின் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. வயல் உப்பளமானது. குடிநீருக்குப் பெண்கள் பல கிலோமீட்டர் நடந்தார்கள். ஆண்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள்.

இங்கே மூன்று மாத ரேஷன் போதாது. வேலைக்கு உணவு, வேலைக்குப் பணம் என்ற முறையில் ஊரார் கையாலேயே கரையை உயர்த்தக் கூலி தரப்பட்டது. உப்பைத் தாங்கும் நெல் ரகங்கள் கொண்டுவரப்பட்டன. உணவு உதவி எப்போது முடிகிறது என்றால், அரிசி மூட்டை தீரும்போது அல்ல, வயல் மறுபடி விளையும்போது.

முன்கூட்டியே கொடுப்பது கூடுமா?

அண்மைக் காலத்தில் நிவாரணத் துறையில் வந்திருக்கும் பெரிய மாற்றம், பேரிடருக்கு முன்பே உதவுவது. 2020 ஜூலையில், யமுனா ஆற்றில் பெருவெள்ளம் வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு எல்லையைத் தாண்டியதும், ஐ.நா.வின் அவசர நிதியைக் கொண்டு உலக உணவுத் திட்டம் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கைப்பேசிக்கு 4,500 டக்கா அனுப்பியது. வெள்ளம் உச்சத்தை அடையும் முன்பே பலர் கையில் பணம் இருந்தது. அரிசி வாங்கி வைத்தார்கள், மாட்டை மேட்டுக்கு ஏற்றினார்கள். பிறகு நடந்த ஆய்வில், பணம் பெற்ற வீடுகளில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் குறைவு என்று தெரிந்தது. வெள்ளத்துக்கு முன் பணம் கையில் இல்லாதவர் மாட்டைப் பாதி விலைக்கு விற்பார், அல்லது வட்டிக்கு வாங்குவார். அந்த வட்டி அடுத்த மூன்று ஆண்டு அவர் உணவைத் தின்னும். புயலுக்கும் இதே முறையைச் செம்பிறைச் சங்கம் கடைப்பிடிக்கிறது.

நமது ஜமாஅத்துகளில் இதைச் சொல்லும்போது வரும் கேள்வி, ஜகாத் பணத்தை இப்படிக் கொடுக்கலாமா என்பது. நிஸாப் அளவு செல்வம் உள்ளவர் ஆண்டு நிறைவடையும் முன்பே ஜகாத்தைக் கொடுக்கலாம் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் நிலைப்பாடு. அப்பாஸ் (ரலி) தம் ஜகாத்தை முற்கூட்டியே கொடுக்க நபி (ஸல்) அனுமதித்த செய்தி இதற்கு ஆதாரம். மாலிகி மத்ஹபில் கட்டுப்பாடு அதிகம். பெறுபவர் புயலுக்கு முன்பே ஏழையாகவோ மிஸ்கீனாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடலோரத்துக் குடிசையில் அப்படிப்பட்டவரைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் ஜகாத்தைக் கொண்டு காப்பகம் கட்டலாமா என்றால் பெரும்பான்மை ஃபகீஹ்கள் ஆகாது என்கிறார்கள். ஜகாத் உரியவர் கையில் அவருக்கே சொந்தமாகச் சேர வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. கட்டடத்துக்கும் கிடங்குக்கும் ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. ஓர் ஊர் ஜகாத்தை இன்னோர் ஊருக்கு அனுப்புவதில் ஹனஃபிகள் அதிகத் தேவை இருந்தால் அனுமதிக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இறுக்கம் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நமது கடற்கரை ஊர்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் வங்கக் கடல் கொதிக்கும் என்று தெரியும். ரமலானில் வசூலான தொகையில் ஒரு பகுதியை அந்த மாதங்களுக்கென ஒதுக்கி வைக்கும் ஜமாஅத்துகள் எத்தனை?

மோக்காவும் எட்டு டாலரும்

தயாரிப்பில் இத்தனை முன்னேறிய வங்கதேசத்திலேயே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. காக்ஸ் பஜாரில் ஏறத்தாழ 10 லட்சம் ரோஹிங்யா மக்கள் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடில்களில், மலைச் சரிவுகளில் வாழ்கிறார்கள். நிலையான வீடு கட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. புயல் வந்தால் முகாமைவிட்டு வெளியேறவும் முடியாது. முகாமுக்குள்ளேயே அகதிகளில் ஆண்களும் பெண்களுமாகப் பல ஆயிரம் பேர் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அதே மூன்று கொடி முறை அவர்களுக்கும் கற்றுத் தரப்பட்டது.

2023 மே 14-இல் மோக்கா புயல் வந்தபோது அதன் கடுமையான அடி எல்லைக்கு அப்பால், மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் சித்வே பக்கம் விழுந்தது. அங்கே முகாம்களில் அடைபட்டிருந்த ரோஹிங்யாக்கள் பலர் மாண்டார்கள். காக்ஸ் பஜாரில் ஆயிரக்கணக்கான குடில்கள் சேதமடைந்தன. சரிவுகளில் இருந்தவர்கள் முன்பே நகர்த்தப்பட்டிருந்ததால் பெரும் உயிர்ச்சேதம் நேரவில்லை.

அந்த மக்களுக்கு உணவு வாங்க ஒருவருக்கு மாதம் 12 டாலர் வவுச்சர் தரப்பட்டு வந்தது. நிதி இல்லை என்று 2023 மார்ச்சில் அது 10 டாலராகக் குறைந்தது. மோக்கா அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜூன் முதல் தேதி மறுபடி குறைக்கப்பட்டு 8 டாலரானது. நாளுக்கு 27 சென்ட். 2024 ஜனவரியில் அது 10 டாலராக உயர்த்தப்படும்வரை ஏழு மாதங்கள், தார்ப்பாயைச் சரிசெய்துகொண்டிருந்த குடும்பங்கள் அந்தத் தொகையில்தான் அடுப்பு மூட்டின.